நாற்பதாம் தொட்டிப் போர்

இலை கிடைத்தால் இடித்துத் தூளாக்கி, தூளைக் குழாயிலடைத்து, குழாயைச் சுழல்பொறியிலிட்டு, தாவர குலத்தின் தாய்வழி தந்தைவழி ரகசியங்களையெல்லாம் கறந்தெடுக்கும் மரபணுக்கூடத்து மாதரசி, சக ஆய்வாளர்களால் ‘பொடியம்மா’ என்று முதுகுக்குப் பின்னால் போற்றப்படும் திண்தோள் வீராங்கனை, நீடூழி வாழ்க. அவள் ஒரு நத்தையோடு பொருத வரலாற்றைச் சொல்லப் புகுகிறோம்; இருமல் உள்ளவர்கள் இப்போதே இருமிக்கொள்ளவும்.

போர் மூண்டது ஒரு முளைக்காக. உலகில் மிச்சமிருந்த ஒற்றை மூவிலைக்கொடி, மலைச்சரிவில் மண் சரிந்து மாண்டுபோனது. அது விட்டுச்சென்ற விதைகள் நாற்பது. நாற்பது தொட்டிகளில் ஊன்றியும் முப்பத்தொன்பது வாய் திறக்கவில்லை. ‘தூக்கிப் போடுங்க’ என்று அவற்றுக்குத் தண்டனையும் விதித்தாயிற்று. நாற்பதாவதில் மட்டும், குலங்காக்க வந்த கொழுந்தென, மும்மூன்று சிற்றிலைகள் கொண்ட இரண்டு இலைகளோடு ஒரு தளிர் எழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் உயிருள்ள செடியின் மரபணுச் சான்று வராவிட்டால், அந்த இனத்தின் பெயருக்கு நேரே ‘அற்றுப்போனது’ என்று இயக்குநர் கையெழுத்திடுவார். ஆறு வருட உழைப்பும் அந்தக் கையெழுத்தோடு கோப்புக்குள் போய்விடும்.

செவ்வாயன்று இரண்டிலை. புதன் காலை ஒன்று. தொட்டி விளிம்பில் வெள்ளிச்சரிகையாய் மின்னியது பகைவனின் வழித்தடம்.

கோட்டையை முதுகிலேயே சுமந்து படையெடுப்பவனும், இரு கொம்பின் நுனியில் இரு விழி கொண்டவனும், அவசரம் என்பதையே அறியாதவனுமாகிய அந்த வழுவழு வேந்தனுக்கு எதிராக, பொடியம்மா பழைய மின்விசிறியின் வயிற்றைக் கிழித்து, நத்தைத்தோலுக்கு ஆகாத செப்புக்கம்பி எடுத்து அகழியாய் வளைத்தாள். அதற்கு வெளியே முட்டையோட்டுப் பொடியை மதிலாய்த் தூவினாள். பொடிப்பது அவளுக்குப் புதிதா என்ன?

அப்போது வாளியோடு வந்தார் நாற்றுக்கூடத்து அக்கா.

“மேடம், அந்தத் தொட்டி விஷயமா ஒண்ணு சொல்லணும்.”

“அப்புறம் சொல்லுங்கக்கா. சத்தம் கேட்டா ஓடிடும்.”

“எது, நத்தையா?” என்று கேட்டுவிட்டு அக்கா நகர்ந்தார்.

வியாழன் விடியலில் வந்தான் வேந்தன். அகழியை முகர்ந்தான், வேண்டாம் என்று திரும்பினான். வென்றோம் என்று அவள் தோள் தளர்ந்த கணத்தில், சுவரேறி, நிழல்வலையில் தலைகீழாய் ஊர்ந்து, கோட்டைக்குள் கூரை வழியே குதிக்கும் ஒற்றனைப்போல், எஞ்சிய ஒற்றை இலைக்கு நேர்மேலே வந்து தொங்கினான். இடிமேகம் பிளந்ததென எழுந்தாள் பொடியம்மா. வாளி இரண்டு உருண்டன; உரமூட்டை ஒன்று வாய்பிளந்தது; மின்னலென நீண்ட இடுக்கி, சளிக்கவசத்தில் வழுக்கி, மீண்டும் வழுக்கி, மூன்றாம் வீச்சில் ஓட்டைக் கவ்வியது.

“வீடு சுமக்கும் வீணனே,” என்று கூடம் அதிர முழங்கினாள், “இந்த வாரிசின்மேல் இனி உன் நாக்குப் பட்டால், உன்னையும் பொடித்து, உன் ஏழு தலைமுறை மரபணுவையும் வாசித்துவிடுவேன், எச்சரிக்கை.”

“மேடம், அந்த விஷயம்...” என்றார் அக்கா, வாளியை நிமிர்த்தியபடி.

“நாளைக்குக்கா.”

நத்தை மதிலுக்கு அப்பால் நாடுகடத்தப்பட்டது. இனியும் காத்திருக்க நாளில்லை. நகக்கண் அளவு இலை கிள்ளப்பட்டு, இடிபட்டு, குழாயேறி, வெள்ளி நண்பகலில் எழுத்துச்சரமாகத் திரையில் எழுந்தது. மூவிலைக்கொடியின் சரத்தோடு அது ஒட்டவும் இல்லை, உரசவும் இல்லை. தேர் முறிந்த தளபதியாய் அவள் நாற்றுக்கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

“அது புளியாரை மேடம். களை. அதுவும் மும்மூணா இலை விடும், எல்லாத் தொட்டியிலயும் வரும்,” என்றார் அக்கா. “அதைத்தானே மூணு நாளா சொல்ல வரேன். நீங்க இலையைப் பொடியாவே பாத்துப் பழகிட்டீங்க.”

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு அலமாரியைக் கைகாட்டினார்.

“தூக்கிப் போடச் சொன்னதுல பதினேழாம் நம்பர் முளைச்சிருக்கு. நத்தைக்கு எட்டாம மேல வெச்சிருக்கேன்.”

அலமாரியின் உச்சியில், அரியணையேறிய அரசிளங்குமரியென, மும்மூன்று சிற்றிலைகளாய் ஐந்திலை விரித்து, முப்பத்தொன்பது மௌனங்களைக் கலைத்த முதல் சொல்லாக, வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தது மூவிலைக்கொடி. அதன் அடியிலையில் நுனி கிள்ளி, குழாயை உயர்த்திப் பிடித்து, படிக்கட்டுகள் நடுங்க இயக்குநர் அறை நோக்கி ஓடினாள் பொடியம்மா.

அவர் திங்கட்கிழமை வரைக்கும் டைம் கொடுத்தார்.