மூன்றாவது விளக்கு

பேரன் பாதிக் கொட்டாவியில் நின்றுபோனான்.

வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி, கன்னம் சதுரம் சதுரமாக உடைந்து, லேப்டாப் திரையில் அப்படியே உறைந்து கிடந்தான். சிங்கப்பூரிலிருந்து பிரதீபாவின் குரல் மட்டும், "அம்மா, தெரியறானா? அம்மா?" என்று கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இரண்டு தடவை கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"என்னங்க, குழந்தை கொட்டாவியை முடிச்சானா இல்லையா?" என்றாள் சகுந்தலா.

"நெட் போயிடுச்சு."

"இன்னிக்குப் போனா போகட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை போச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பேரனைத் தொட்டிலில் போட்டுப் பேர் வைக்கிறார்கள். நேரில் போக வழியில்லை. கோபாலகிருஷ்ணனுக்குக் கடற்கரையோர அணு ஆராய்ச்சி ஆபீஸில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. வெளிநாடு போக அனுமதி கேட்டு அவர் எழுதிய கடிதம் மேஜை மேஜையாக நடந்துகொண்டிருந்தது. அது நடந்து முடிப்பதற்குள் பேரன் நடக்க ஆரம்பித்துவிடுவான் போலிருந்தது. சகுந்தலாவோ தனியாக மதுராந்தகத்துக்கே பஸ் ஏறாதவள்.

"ஒரு நொடிகூட நிக்காம காட்டறேன். என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தார் கோபாலகிருஷ்ணன்.

கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் வெயிலில் பூத்துக் கிடந்தது. அந்தக் குவார்ட்டர்ஸில் மத்தியானக் காற்றுக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு பெரிய கவலையையும் பத்தே நிமிஷத்தில் தாலாட்டித் தூங்கவைத்துவிடும். மடியில் கிடந்த வாரமலர்த் தாளில் 'உங்கள் வீட்டு ரவுட்டர் பத்திரமா?' என்று ஒரு கட்டுரை இருந்திராவிட்டால் அவரும் தூங்கித்தான் போயிருப்பார்.

கட்டுரை முழுக்கத் திருடர்கள். கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் வந்து நம் இணைப்பை உறிஞ்சுகிறவர்கள்.

கோபாலகிருஷ்ணன் திரும்பி, டெலிவிஷன் மேலிருந்த ரவுட்டரைப் பார்த்தார். டெலிபோன் ஆபீஸ்காரர் இரண்டு மாதத்துக்கு முன் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சொருகி வைங்க சார், தானா வரும்" என்று சொல்லிப் போன பெட்டி. சொன்னபடியே மூன்றாம் நாள் தானாக வந்தது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பெயர் திரையில் தெரிந்தது, அழுத்தினார், உலகம் திறந்துகொண்டது. மூன்று விளக்குகளில் இரண்டு பச்சை, மூன்றாவது சிவப்பு. அவர் ஆபீஸில் கதவுக்கு மேல் சிவப்பு எரிந்தால் காவல் விழித்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

காவல் விழித்திருந்தும் திருடனா? கட்டுரையில் சொன்னபடி, ஸ்டிக்கரிலிருந்த சொல்லை அடித்து ரவுட்டரின் பக்கத்துக்குள் போனார். இணைந்திருப்பவை என்று ஒரு பட்டியல். முதலாவது, 'கோபாலகிருஷ்ணன்' என்று அவரே முழுப்பெயர் சூட்டிய லேப்டாப். அதற்குக் கீழே 'பிசி-2' என்று ஒன்று.

"சகுந்தலா! நம்ம வீட்ல இன்னொருத்தன் இருக்கான்!"

"எங்கே?" என்று அவள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"காத்துல."

அவள் கரண்டியைத் தாழ்த்திக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள்.

அன்று மத்தியானத் தூக்கத்தில் திருடன் வந்தான். மகாபலிபுரம் பக்கமிருந்து கடல் மேலேயே நடந்து வந்தான். வேட்டி நனையவில்லை. தலையில் ஒரு கம்ப்யூட்டரைச் சும்மாடு கட்டி வைத்திருந்தான். ஜன்னலருகே நின்று, பேரனின் மீதிக் கொட்டாவியைக் கையில் வாங்கி மடியில் முடிந்துகொண்டு, வந்த வழியே போனான். கோபாலகிருஷ்ணனுக்குக் கோபத்தைவிட வியப்புத்தான் அதிகமாக இருந்தது.

விழித்ததும் வேலையில் இறங்கினார். முதலில் பாஸ்வேர்டு போட்டார். ஆபீஸ் வழக்கப்படி அதை எங்கும் எழுதக் கூடாது. ஆனால் அவருக்கே மறந்துவிடுமே என்று தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதினார். ரவுட்டருக்குப் பக்கத்தில் நூல் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டும் வைத்தார். அட்டையில் 'பி-11, இணைய நுழைவுப் பதிவேடு' என்று எழுதியிருந்தது. உள்ளே நேரம், நோக்கம், கையொப்பம்.

"நோக்கம்னா என்ன எழுதறது?" என்றாள் சகுந்தலா.

"எதுக்காக உள்ளே போறியோ அது."

அவள் 'கொட்டாவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை, என்றும் போல் குளித்ததும் காலண்டர் தாளைக் கிழித்தாள். என்றும் போல் அதில் கோயில் விபூதியை மடித்தாள். கோபாலகிருஷ்ணன் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தபோது வீட்டில் பதினேழு விபூதிப் பொட்டலங்கள் இருந்தன. பதினாறாவதில் பாஸ்வேர்டு அகப்பட்டது. தும்மிக்கொண்டே உள்ளே போனால், பிசி-2 சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

பாஸ்வேர்டைப் பெரிதாக்கினார். பிசி-2 அசையவில்லை. ரவுட்டரின் பெயரையே மறைத்தார். சகுந்தலாவால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிசி-2 இருந்த இடத்திலேயே இருந்தது.

"சுவத்துக்குள்ளேயே குடியிருக்கான் போல" என்றார், கொஞ்சம் மரியாதையோடு.

புதன்கிழமை கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படித்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் உண்டு, அதைக் குறித்துத் தடைப் பட்டியலில் போட்டுவிடலாம் என்றிருந்தது. போட்டார். பிசி-2 மறைந்தது. அன்று கடற்காற்றுகூடத் தன்னிடம் அனுமதி கேட்டு உள்ளே வருவதுபோல் அவருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சகுந்தலா கீழே கறிவேப்பிலை பறிக்கப் போய்விட்டு, முகம் வாடி வந்தாள். கீழ்வீட்டில் சாரதாம்பாள் டீச்சர் இருந்தார். டவுன்ஷிப் பள்ளியில் கணக்குப் பாடம். ஒரே மகன் ஹரிஹரன் கப்பலில் வேலை பார்த்தான்.

"பாவம் டீச்சர். நேத்து ஒரே ஒரு நாள்தான் ஹரிஹரன் கப்பல் கரையில நின்னுச்சாம். புதன்கிழமையிலேர்ந்து நெட் செத்துப்போச்சாம். பிள்ளை முகத்தைப் பாக்க முடியலையேன்னு கண் கலங்கறாங்க."

கோபாலகிருஷ்ணன் காபியைக் கீழே வைத்தார். "எப்போலேர்ந்து?"

"புதன்."

"சகுந்தலா, அவங்கதான் பிசி-2!"

சகுந்தலா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "டீச்சரா? சீ! எத்தனை வருஷமா நமக்கு முருங்கைக்காய் குடுக்கறாங்க."

"அதெல்லாம் இதுக்குத்தானோ என்னவோ."

அன்று ராத்திரிக் கனவில் கடல் மேல் நடந்து வந்தவன் வேட்டி கட்டவில்லை. மஞ்சள் கரை போட்ட பருத்திப் புடவை கட்டி, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். கையில் முருங்கைக்காய்க் கட்டு. கோபாலகிருஷ்ணன் விழித்துக்கொண்டு வெகுநேரம் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். ஒரு அம்மா பிள்ளையைப் பார்க்கத்தானே திருடினாள்? தடையை எடுத்துவிடலாமா?

"எடுத்துடுங்க, பாவம்" என்றாள் சகுந்தலா.

"ஞாயித்துக்கிழமை முடியட்டும். அது வரைக்கும் யாரையும் நம்பக் கூடாது."

சனிக்கிழமை மாலை கடைசிப் பூட்டைப் போட்டார். பட்டியலில் உள்ள கம்ப்யூட்டர்களை மட்டும் அனுமதி, மற்ற எதையும் விடாதே என்று ஒரு கட்டளை. சேமி என்பதை அழுத்திய பிறகுதான், பட்டியலில் தன் லேப்டாப்பை இன்னும் சேர்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரை வெளுத்தது. எல்லாம் பழையபடி ஆகட்டும் என்று பெட்டியின் பின்னால் இருந்த ஓட்டையில் ஊக்கை விட்டுக் குத்தினார். பத்து எண்ணும்வரை, நூறு எண்ணும்வரை குத்தினார். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது விளக்கு மட்டும் சிவந்து விழித்திருந்தது.

ஞாயிறு காலை எட்டே முக்கால். சகுந்தலா பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, ஒன்றும் தெரியாத லேப்டாப்பின் முன்னால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்கே?"

"டீச்சர் வீட்டுக்கு. அவங்க கம்ப்யூட்டரைச் சரி பண்ண ஆள் வந்திருக்காரு. வர்றதுன்னா வாங்க."

கீழே, லைன்மேன் எல்லப்பன் அப்போதுதான் வேலையை முடித்திருந்தார். "யாரோ உள்ள பூந்து இஷ்டத்துக்குப் பூட்டி வெச்சிக்கீறான்மா. எல்லாத்தயும் அழிச்சிட்டேன். இப்போ சோக்கா கீது பாருங்க" என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் சாரதாம்பாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "இதுக்கா தயங்கினீங்க? உக்காருங்க சகுந்தலா. சார், நீங்களும்."

ஒன்பது மணிக்குப் பேரன் வந்தான். தொட்டிலில் கிடந்து காலை உதைத்தான். காதில் மூன்று தரம் பேர் சொன்னார்கள். அவன் ஒருதரம் சிணுங்கி, பிறகு வாயை அகலத் திறந்து ஒரு முழுக் கொட்டாவி விட்டான், எங்கும் நிற்காமல், கடைசிவரை. சகுந்தலா திரையைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோபாலகிருஷ்ணனுக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கடலும் மங்கலாகத்தான் தெரிந்தது.

பாயசம் எடுக்க டீச்சர் உள்ளே போனார். கோபாலகிருஷ்ணனின் நெஞ்சு நிறைந்திருந்தது. திருடினாலும் நல்ல மனசு. மன்னித்துவிட்டார். மன்னித்த கையோடு டீச்சரின் பெட்டியையும் பார்த்தார். தன்னுடையதைப் போலவே இருந்தது, ஒட்டியிருந்த பெயர்கூட அதேதான். ஆனால் மூன்று விளக்கும் பச்சை. காவலே இல்லாத பெட்டி! எழுந்து எல்லப்பனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஏம்ப்பா, மூணாவது விளக்கு சிவப்பா எரியலையே? ஒரு பாஸ்வேர்டாவது போட்டுட்டுப் போ. இந்தக் காலத்துல அக்கம்பக்கத்தைக்கூட நம்ப முடியாது."

எல்லப்பன் ஒயரைச் சுருட்டியபடி சிரித்தார். "செகப்பு எரிஞ்சா லைனே வரலன்னு அர்த்தம் சார். பூட்டுங்கன்னு நானும் சொன்னேன், டீச்சரம்மா கேக்க மாட்டேன்னுட்டாங்க. மேல ஒரு வூட்டுக்கு எங்காபீஸ்ல டப்பா குடுத்ததோட சரி, ரெண்டு மாசமா லைனு குடுக்கல. அதுவரிக்கும் இவங்க லைன்லதான் பேரப்புள்ளய பாத்துகினு கீறாங்களாம், பேரோட லிஸ்ட்ல தெரியுதாம். பெரியவங்க பாவம், தொறந்தே கெடக்கட்டும்னு சொல்ட்டாங்க. இப்போ அங்கதான் லைன் குடுக்கப் போறேன். பி-பதினொண்ணுக்கு எந்தப் படி சார்?"