நானே வச்ச பேப்பர்

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஏற்காட்டுல ஒரு ஸ்கூல் ஆபீஸ், ஆறு கம்ப்யூட்டர். வெளியாளு நுழையிற மாதிரி ஏதாவது ஓட்டை இருக்கான்னு பாத்து ரிப்போர்ட் எழுதணும். ஒரு மணி பஸ்ஸுல சேலம் திரும்பிடணும்.

தொண்ணூறுகளோட கடைசி. இந்த வேலைய நான் அதுக்கு முன்னாடி செஞ்சதே இல்ல. அத யாருகிட்டயும் சொல்லவும் இல்ல.

ஆபீஸ் கிளார்க் பஷீர் பாய்க்கு ஒரே கவலை.

"ஏனுங்க தம்பி, இதனால எங்க வேலை ஒண்ணும் கெடாதுங்களே? மூணு மணிக்குப் பரிசளிப்பு விழாங்க. சர்டிபிகேட்டுல பேரு அடிக்கோணும்."

பேரு போடாத சர்டிபிகேட் பிரிண்டர்லயும் பக்கத்துலயும் ரெடியா இருந்துச்சு. சுத்தி தங்கக் கலர் பார்டர். சேலம் பிரஸ்ல அச்சடிச்சது, உபரியா ஒண்ணு கூட கிடையாது.

"பாய், இந்த புரோகிராம் ஒவ்வொரு கதவா தட்டிப் பாக்கும். எது தொறந்திருக்குன்னு சொல்லும். அவ்வளவுதான்!"

"தட்டுனா உள்ள இருக்கறவிங்க சும்மா இருப்பாங்களாங்க?"

பாவம், இவருக்கு கம்ப்யூட்டர் தெரியலன்னு சிரிச்சேன்.

மெதுவா ஓட்டினா அரை மணி. வேகமா ஓட்டினா ஒரு நிமிஷம். எனக்கு பஸ் இருக்கே! வேகத்த முழுசா ஏத்துனேன். பதில் வரலன்னா திரும்பத் திரும்பக் கேளுன்னும் போட்டேன்.

பாய் டீ சொல்லப் போனார். மூலையில பிரிண்டர் ஓட ஆரம்பிச்சுது. பக்கத்து ரூம்ல யாரோ பேரு அடிக்கிறாங்க போலன்னு நெனச்சேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் எட்டிப் பாத்தாங்க. "எல்லாம் சரியா இருக்கா தம்பி?"

"அருமை மேடம்! பிரிண்டர் என்னமா ஓடுது பாருங்க!"

கொஞ்ச நேரத்துல பேப்பர் தீந்து சிவப்பு விளக்கு எரிஞ்சுது. கைய வச்சுக்கிட்டு சும்மா இருப்பேனா? பக்கத்துல இருந்த மிச்ச கட்டையும் எடுத்து அழகா அடுக்கி வச்சேன். அதுவும் ஓடி முடிஞ்சுது.

பாய் டீயோட வந்து ஒரு சர்டிபிகேட்ட எடுத்தார். அப்புறம் இன்னொண்ணு. டீய கீழ வச்சார்.

"ஏனுங்க, எல்லாத்துலயும் மேல 'ஹெல்ப்'புன்னு இருக்குதுங்க. யாருக்குங்க ஹெல்ப்பு?"

எனக்குத்தான். புரோகிராம் கதவ தட்டி 'ஹெல்ப்'னு ஒரு வார்த்தை அனுப்பும், யாரு பதில் சொல்றாங்கன்னு பாக்க. ஆறு கம்ப்யூட்டரும் கம்முனு இருந்திருக்கு. அதே வயர்ல மாட்டியிருந்த பிரிண்டரையும் தட்டியிருக்கு; அதுக்கு வந்தத அச்சடிக்கத்தான் தெரியும். ஒரு தட்டுக்கு ஒரு பக்கம்!

ஹெட்மிஸ்ட்ரஸ் திட்டவே இல்ல. ஒரு கத்திரிக்கோலும் பேனாவும் கொண்டாந்து குடுத்தாங்க.

ஒவ்வொண்ணா 'ஹெல்ப்'போட சேத்து மேல் பார்டர வெட்டுனேன். வெட்டுன பேப்பர் பிரிண்டர்ல நேரா போகல. பேரெல்லாம் நானே கையால எழுதுனேன். ஒரு மணி பஸ் ஹாரன் அடிச்சுட்டே போச்சு.

"எழுத்து நொம்ப மோசமுங்க தம்பி"ன்னார் பாய்.

விழாவுல, பக்கத்து ஊரு தலைச்சோலையில இருந்து வந்த ஒரு அப்பா பொண்ணோட சர்டிபிகேட்ட திருப்பித் திருப்பிப் பாத்தார். "ஏனுங்க, போன வருசம் நாலு பக்கமும் பார்டர் இருந்துச்சுங்களே?"

"இந்த வருஷம் மாடல் மாத்திட்டோம்"னாங்க ஹெட்மிஸ்ட்ரஸ், என்னைப் பாக்காம.

சாயங்காலம் ரிப்போர்ட் எழுதிக் குடுத்தேன்: 'ஆபீஸில் உள்ள ஒரே பாதுகாப்புக் குறை, பிரிண்டர்.'

பாய் படிச்சுப் பாத்துட்டு, 'ஒரே'ங்கறத கோடு போட்டு அடிச்சார். கீழ பேனாவால சேத்தார்: 'இரண்டாவது, அதற்குப் பேப்பர் வைத்தவர்.'