களத்தில் சிமெண்டு பூசிய விவரம்

மரியாதைக்குரிய மச்சான் ஹத்தூ அவர்களுக்கு, தங்கள் தங்கை இட்டோவின் வீட்டுக்காரன் பாஸூ எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மலையில் நானும் இட்டோவும் கழுதையும் அல்லாஹ்வின் அருளால் சுகம். அங்கே காஸாபிளாங்காவில் தாங்களும் தங்கள் சர்க்கரை வியாதியும் ஒருவருக்கொருவர் தொந்தரவில்லாமல் இருக்க துஆச் செய்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை என் மகள் தூடாவின் கல்யாண ஆட்டம் நம் பாறைக்களத்தில்தான் நடக்கும். இதில் மாற்றமே இல்லை. பல்கலைக்கழகத்தில் கல் ஆராயும் டாக்டர் நுஸ்ஹா தங்களுக்குப் போன் செய்வாள். களத்தில் பாதி தங்களுடையது, ஆகவே தாங்கள் தடுக்க வேண்டும் என்பாள். முடியாது என்று சொல்லிவிடவும். காரணம் கேட்டால் பாஸூ சொன்னான் என்றால் போதும்.

நடந்தது இதுதான். நம் களத்தில் வரிசையாகக் கிடக்கும் குழிகளை இறைநேசர் அவுலியாவின் கோவேறு கழுதைத் தடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள், மூன்று விரலுள்ள கழுதையை எவன் பார்த்தான் என்று யாரும் கேட்டதில்லை, அது கிடக்கட்டும், போன கல்யாணத்தில் உங்கள் சித்தப்பா மகன் ஆட்டத்தின் நடுவே அந்தக் குழியில் கால் பிசகி விழுந்து மேளத்தையும் கிழித்தான் இல்லையா, இப்போது சம்பந்தி இஸ்ஸா வீட்டுப் பெண்கள் வரிசைகட்டி ஆடும்போது அப்படி ஆனால் அபசகுனம் என்று பேசுவார்கள், அதனால் நான் முன்யோசனையாக எல்லாக் குழியையும் சிமெண்டு போட்டு நிரவிவிட்டேன். ரொம்ப அழகா இருந்துச்சு மச்சான். மறுநாளே அந்த டாக்டர் வந்து பார்த்து அங்கேயே உக்காந்துட்டா. தண்ணி குடுத்தோம், குடிக்கல. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அது கழுதையில்லையாம், டைனோசராம், சேற்றில் நடந்த தடம் அப்படியே கல்லாகிப் போனதாம்.

நான் அசரவில்லை. உளி எடுத்து ஒரு குழியின் சிமெண்டைப் பெயர்த்தேன். அடுப்பிலிருந்து ரொட்டி வருவது போல முழுசாக வந்தது, விரலும் நகமுமாக. போன வருஷத்து உமியும் தூசியும் குழிக்குள்ளேயே கிடந்ததால் சிமெண்டு கல்லில் ஒட்டவில்லை. என்னைச் சோம்பேறி, களத்தைக்கூடக் கூட்டமாட்டான் என்று ஊரெல்லாம் சொன்னீர்களே, அந்தச் சோம்பல்தான் இன்றைக்கு விஞ்ஞானத்தைக் காப்பாற்றியது. அச்சு எடுக்க அவர்கள் இதையேதான் செய்வார்களாம், ஆனால் கேட்டுவிட்டுச் செய்வார்களாம்.

நேரில் பார்க்காத மிருகத்தைப் பற்றி உனக்கு என்னம்மா தெரியும் என்று மடக்கினேன். அவள் குழிக்குக் குழி நாடா பிடித்தாள். பாதத்தின் நீளத்தைப் போல நாலு மடங்கு இடுப்பு உயரமாம், அதாவது என் வீட்டு வாசல் நிலையின் உச்சிக்கும் மேலே. வால் இழுபட்ட கோடு இல்லை, ஆகவே வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. கூரிய நகம், ஆகவே கறி தின்கிற ஜாதி. காலடி எட்டு நீளமாக விழுந்தால் ஓட்டம், குறுகலாக விழுந்தால் நடை. பக்கத்திலேயே சின்னத் தடம் ஒன்று. பெரிசு மிதிச்சுப் பிதுங்கின சேறு காயறதுக்குள்ள சிறுசு அது ஓரத்துல கால் வச்சிருக்கு, அதனால ரெண்டும் ஒண்ணாத்தான் போயிருக்கணும்னு சொன்னா. தாயா தகப்பனா என்றேன். அது தடத்தில் தெரியாது, தெரியாததை நான் சொல்லமாட்டேன் என்றாள். எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் பாறையில் கீறல் விட்டிருக்கிறது, அத்தனை பேர் குதித்து ஆடினால் தடம் போய்விடும் என்கிறாள். இஸ்ஸாவோ, பெண் வீட்டுக் களத்தில் ஆடாத கல்யாணம் அவர்கள் வம்சத்திலேயே கிடையாது என்கிறார். செத்த மிருகத்துக்காக என் மகள் கல்யாணம் நிற்பதா? நான் முடிவு எடுத்தால் எடுத்ததுதான். தஃப் மேளத்தை எடுத்துக்கொண்டு நேரே நம் களத்துக்கு வரவும். தங்கள் வீட்டம்மாவுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
சொல் மாறாத பாஸூ.

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தூடா என்னைக் களத்துக்கு இழுத்துப் போனாள். சின்னத் தடத்தில் காலை வைத்து நின்றுகொண்டு, "அப்பா, இவ்ளோ பெரிசு ஏன் இத்தன குட்டி எட்டு வச்சு நடந்துச்சு?" என்று கேட்டாள். "கூடக் குட்டி வருதுல்லம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. சந்தைக்கு அவளைக் கூட்டிப் போன வழியெல்லாம் நானும் அப்படித்தான் நடந்தேன் மச்சான். அழுதுவிட்டேன், இட்டோவிடம் சொல்ல வேண்டாம்.

அப்படியே இஸ்ஸாவிடம் போய், கல்யாணம் நின்றாலும் சரி, என் களத்தில் ஆட்டம் இல்லை என்று சொல்லிவிட்டேன். மனுஷன் என்கூட வந்து, தடத்தின் ஓரமாகவே கடைசிவரை நடந்து பார்த்தார். "சரி, எங்க களத்துலயே ஆடுவோம். வர்றது சின்னப் பொண்ணு, எட்டைக் கொஞ்சம் நாங்களும் குறைச்சுக்கிறோம்" என்றார்.

ஆகவே டாக்டர் போன் செய்தால் சரி என்று சொல்லவும். தஃபை இஸ்ஸா வீட்டுக்குக் கொண்டுவரவும். கூடவே நல்ல உளியும் வேண்டும். மூலையில் இரண்டு குழியில் சிமெண்டு அசையமாட்டேன் என்கிறது, அது ரெண்டை மட்டும் இட்டோ கூட்டித் தொலைத்திருக்கிறாள்.