நேசம்மாவின் மாடுகளும் எர் என்னும் அரக்கனும்

கொழும்பிலே மூன்று வாரம் கொம்பியூட்டர் கற்று, அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துள் சிறைவைத்துத் தன் ஊராகிய சரவணைக்கு மீண்ட செம்மலும், விசைப்பலகை முழுவதையும் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே ஆளும் ஒருவிரல் வேந்தனும், செய்த பிழையை மறுபடி செய்வதில் சோர்வறியா உரவோனுமாகிய குலசிங்கம் நீடு வாழ்க.

எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில் மழை பொய்த்து, நெடுந்தீவின் தரவைப் புல்வெளிகள் கருகி, மாடுகள் கற்சுவர்களை நக்கித் திரிந்தபோது, நிவாரணச் சங்கம் ஒன்று வைக்கோல் அனுப்ப முன்வந்தது. ஒரு மாட்டுக்கு ஒரு கட்டு. புங்குடுதீவு இறங்குதுறையருகே சங்கத்தின் அறையில், ஜெனரேற்றரின் இடிமுழக்கம் போர்முரசாய் அதிர, வீரன் திரையின் முன் அமர்ந்தான். அவனிடம் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்றில் வைக்கோல் கேட்ட நாற்பது பேரும் அவரவர் குடும்பத்து மாட்டுக்குறியும். மற்றதில் மாடுகளின் தொடையில் சுட்டிருந்த குறிகளும், குறி ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாடு என்ற கணக்கும். முதலாவதிலுள்ள குறியை இரண்டாவதில் தேடி மாட்டுத்தொகையைக் கொண்டுவருமாறு ‘வீ-லுக்கப்’ என்னும் தூதனை ஏவினான் குலசிங்கம்.

தூதன் வெறுங்கையோடு மீண்டான். பெரும்பாலான பெயர்களுக்கு நேரே, பிழை என்பதன் ஆங்கிலச் சுருக்கமாகிய ‘எர்’ என்னும் அரக்கன், அறுக்க அறுக்க முளைக்கும் தலைகளோடு, வரிசைகட்டி நின்று பல்லிளித்தான். சூத்திரத்தைக் கீழே கீழே பிரதிசெய்தபோது தேடவேண்டிய அட்டவணையும் கூடவே வழுக்கிச் சென்றதை நம் மதிவல்லோன் இரண்டு மணிநேரத்திலேயே கண்டுபிடித்தான். டொலர்க் குறி என்னும் ஆணிகளை அறைந்து அட்டவணையை அசையாது நிறுத்தவே, அரக்கத் தலைகள் மடமடவென்று உருண்டன.

ஒன்று உருளவில்லை. நேசம்மா என்ற பெயருக்கு நேரே அது அசையாமல் நின்றது. ஒரு துளி நஞ்சு பாற்குடத்தையே கெடுப்பதுபோல, அந்த ஒற்றை எர் அடியிலிருந்த மொத்தத்தையும் எர் ஆக்கியது.

“மொத்தம் வராமல் நான் கையெழுத்து வைக்க மாட்டன்,” என்று சங்கத் தலைவர் அரியநாயகம் பிரகடனம் செய்தார்.

“அண்ணை, இரண்டு மணிக்கு நான் வள்ளத்தை எடுக்கவேணும். பிந்தினால் காத்து மாறியிடும்,” என்று நெடுந்தீவுக்கு வைக்கோல் ஏற்றிய வள்ளத்திலிருந்து அறைகூவினார் வள்ளக்காரர் அம்புறோஸ்.

அரக்கன் ஏன் அங்கே நிற்கிறான் என்று கேட்பது சாமானியர் வழக்கம். மாவீரர் அவன் முகத்தை மூடுவர். பிழை வந்தால் சைபரைக் காட்டு, வராவிட்டால் விடையைக் காட்டு என்னும் மாயக்கவசத்தைச் சூத்திரத்தின்மேல் போர்த்தினான் குலசிங்கம். எர் மறைந்தது. மொத்தம் நூற்றெண்பத்தாறு என்று உதித்தது. தாள் அச்சாகி, அரியநாயகத்தின் கையெழுத்தும் பெற்று, வெற்றிக்கொடியெனத் துறைக்குச் சென்றது. எல்லாப் பெருமிதமும் ஒருங்கே திரண்ட அந்த வேளையில், எண்ணெய் தீர்ந்து ஜெனரேற்றரும் அடங்கியது.

வாசலில் ஒரு பெண் நின்றாள். காலை வள்ளத்தில் நெடுந்தீவிலிருந்து வந்தவள், செருப்பில்லை.

“தம்பி, நான் நேசம்மா. அம்புறோஸண்ணை எனக்குச் சைபர் எண்டு சொல்லுறார். மாடு மூண்டு நிக்குது.”

“உங்கடை குறி மீன்தானே அக்கா? மீன்குறி போட்ட மாடு நெடுந்தீவிலை ஒண்டும் இல்லை.”

“அது என்ரை மனுசன்ரை ஆக்களின்ரை குறி. அவையள் மாடெல்லாம் வித்துப்போட்டினம். என்னட்டை நிக்கிறது ஐயா தந்த சீதன மாடு. சீதன மாட்டுக்கு ஆரும் திருப்பிக் குறி சுடுவினமே? ஐயாவின்ரை சிலுவைதான் கிடக்குது.” சற்று நிறுத்தி, “உந்தப் பெட்டிக்கு உது தெரியாதோ?” என்றாள்.

பெட்டிக்குத் தெரிந்திருந்தது. தனக்குத் தெரியாது என்றுதான் அது காலை முதல் கத்திக்கொண்டிருந்தது. வாயைப் பொத்தியவன் குலசிங்கம். அவன் மாட்டுக்குறிப் பதிவேட்டைப் புரட்டினான். சிலுவைக் குறி, மாடு மூன்று. அந்தக் குறியைச் சொல்லி வைக்கோல் கேட்டவர் எவருமில்லை.

“அடுத்த வள்ளம் எப்ப தம்பி?”

“வைக்கோலோடையோ? ஒரு மாதம் செல்லும்.”

“அதுவரைக்கும் கண்டுக்குட்டி தாங்காது,” என்றாள் அவள், குரல் உயர்த்தாமல்.

வள்ளத்தின் இயந்திரம் இருமத் தொடங்கியது. கரிய திரையில் தன் முகம் மட்டுமே தெரிய, தேடும் தூதரும், அறைந்த ஆணிகளும், மாயக்கவசமும் ஆகிய சேனைகள் அனைத்தையும் ஒருங்கே இழந்த ஒருவிரல் வேந்தன், வேட்டியை மடித்துக் கட்டி, அரபுப் புரவியென வெயிலில் பாய்ந்து, அவிழ்ந்த கயிற்றை ஒரு காலால் மிதித்து நிறுத்தி, அம்புறோஸின் கையிலிருந்து அந்த வெற்றித் தாளைப் பறித்தான்.

பிறகு பேனையால் சைபரை வெட்டி மூன்று என்று எழுதினான்.