டீ மேக்கரின் பிரஷர்

"நாலு தட்டு இலை கெட்டுப் போச்சுங்க சார்" என்றான் வேலன். சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தோதாக இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டான்.

"சரி" என்றார் ஜஸ்டஸ்.

வேலன் இன்னும் ஓரடி பின்னால் போனான். "அதிகமாப் புளிச்சுப் போச்சுங்க சார். கொட்டத்தான் வேணும்."

"சரிப்பா. கொட்டிடு."

வேலனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கிளென்மார்கன் பக்கத்து அந்த எஸ்டேட் ஃபேக்டரியில் ஜஸ்டஸ் பத்தொன்பது வருஷமாக டீ மேக்கர். பச்சை இலை உள்ளே வந்து டீத்தூளாக வெளியே போகிறவரை எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர் தொண்டையால்தான் நிறைவேற்றி வந்தார். இலை உருட்டும் மூன்று ரோலர் ஓடும் இரைச்சலையும் தாண்டி அவர் போடும் சத்தத்துக்கு, ரோட்டில் பைக்காரா பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் நாலு தட்டு இலைக்கு 'சரிப்பா' என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் செலஸ்டின் அவரை வழியில் மறித்து உள்ளே கூட்டிப் போய், கையில் பட்டையைச் சுற்றி, பம்பை அமுக்கி, பெருமூச்சு விட்டார்.

"பிரஷர் ஏறிடுச்சு சார். ரொம்ப ஏறிடுச்சு."

"எவ்வளவு?"

"நம்பரைச் சொன்னா இன்னும் ஏறும்."

"மாத்திரை?"

"மாத்திரையெல்லாம் வேண்டாம். கத்தக் கூடாது. அவ்வளவுதான். பொழுதுபோக்கா ஏதாவது கைவேலை பழகுங்க. வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே செய்யுற வேலைன்னா ரொம்ப விசேஷம். ஒரு மாசம் பார்ப்பேன். இறங்கலைன்னா, ஃபேக்டரிக்கு ஆகாதுன்னு மானேஜருக்கு எழுதியாகணும். ஆபீஸ்ல உட்கார வெச்சிடுவாங்க."

ஆபீஸ்! டீ மணமே இல்லாத ஓர் அறையில் பேப்பரைப் பார்த்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டுவதா? அன்று ராத்திரியே ஜஸ்டஸ் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பொழுதுபோக்கு தேட ஆரம்பித்தார்.

முதலில் கொல்லையில் விளைந்திருந்த கேரட்டுக்குக் களை எடுத்துப் பார்த்தார். காட்டெருமை வந்து தழையோடு தின்றது. அதைப் பார்த்துக் கத்தினார். அது நிதானமாக மென்று முடித்துவிட்டுத்தான் போனது. பிறகு மனைவி ஜூடித்தோடு செஸ் ஆடினார். மூன்று ஆட்டம் தோற்றார், மூன்று தடவை கத்தினார். கடைசியில் ஜூடித்தான் இரண்டு பின்னல் ஊசியையும் ஒரு சிவப்பு உல்லன் உருண்டையையும் அவர் கையில் திணித்தாள்.

"வரிசைக்கு நாப்பத்தெட்டு கண்ணி. வாயைத் திறந்தீங்கன்னா எண்ணிக்கை போயிடும். ஒரு கண்ணி விட்டாலும் மொத்தமும் பிரிக்கணும்."

இரண்டு நாள் பிரித்தார். மூன்றாம் நாள் பிடிபட்டுவிட்டது. டிபன் கேரியருக்குள் ஊசியையும் உல்லனையும் ஒளித்து ஃபேக்டரிக்கே கொண்டு போனார். டீ மேக்கர் ஸ்வெட்டர் பின்னுகிறார் என்று தெரிந்தால் மரியாதை என்னாவது? இலை புளிக்க வைக்கிற அறைக்குப் பின்னால், கோணி அடுக்குக்கு மறைவில் உட்கார்ந்து பின்னினார்.

சத்தம் நின்றது. இலை கெட்டது.

"எடுக்குற நேரம் உனக்குத் தெரியாதா வேலா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க கத்துவீங்கன்னு நின்னுட்டிருந்தனுங்க சார்."

அப்போதுதான் ஜஸ்டஸுக்கே புரிந்தது. உருட்டிய இலை சரியாகப் புளித்த வாசனை வந்ததும் அவர் "ஏன்டா, தூங்குறியா?" என்று ஒரு சத்தம் போடுவார். உடனே வேலன் இலையை டிரையருக்குத் தள்ளுவான். சுவரில் கடிகாரம் உண்டு. மாட்டிய வாரமே கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக அந்த ஃபேக்டரி அவர் தொண்டையைப் பார்த்துத்தான் மணி தெரிந்துகொண்டிருக்கிறது.

சரி, அலாரம் வைக்கலாம் என்று வீட்டுக் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரோலர் இரைச்சலில் அது அடித்தது ஒருவர் காதிலும் விழவில்லை. அங்கே இன்னும் மூன்று தட்டு போயிற்று. இங்கே, அலாரம் இல்லாமல் தூங்கிப்போன ஜூடித், டீச்சர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள்.

நேரிலேயே போய்ச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் வேலனிடம் போனார். அவன் தோளில் கையை வைத்து, "இலையை எடுத்திரலாமாப்பா?" என்றார்.

வேலன் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

மத்தியானத்துக்குள் சேதி தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் சல்லடைப் பிரிவுப் பெண்களும் வேலனும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுமாக ஜஸ்டஸ் வீட்டு வாசலில் நின்றார்கள். முன்னால் நின்ற கருப்பம்மாள் அவரைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள்.

"எங்களை மன்னிச்சிடுங்க சார்! இப்படி ஆகும்னு நாங்க நினைக்கலீங்க!"

"நீங்க என்னம்மா பண்ணீங்க?"

பக்கத்திலிருந்த வேலன் அவள் முழங்கையை இடித்தான். "ஒண்ணுமில்லீங்க சார். அது சும்மா, மனசு தாங்காம பேசுறா. நீங்க ஆரஞ்சு சாப்பிடுங்க."

அவர்கள் போனதும் ஜூடித் பிடித்துக்கொண்டாள். "ஊருக்கே தெரிஞ்சிருக்கு. பிரஷருக்கு மேல என்ன வியாதியை என்கிட்ட மட்டும் மறைக்கிறீங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்லடி" என்றார் மெதுவாக.

"பாருங்க, கத்தாம சொல்றீங்க!" என்று அவளும் அழ ஆரம்பித்தாள்.

கத்தினால் பிரஷர் ஏறும். கத்தாவிட்டால் ஊரே மாலை வாங்கக் கிளம்பிவிடும். மறுநாள் காலையில், பிரஷருக்குத் தெரியாமல் அளவாக ஒரே ஒரு சத்தம் போட்டு எல்லோரையும் தேற்றிவிடுவது என்று முடிவு செய்தார். ரோலர் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தார். சில நாளாக ஓய்வெடுத்த தொண்டையிலிருந்து இருமல்தான் வந்தது. விடாமல் ஒரு நிமிஷம் வந்தது.

கருப்பம்மாள் நேரே மானேஜர் பங்களாவுக்கு ஓடினாள்.

இது எதுவும் தெரியாமல், ஜஸ்டஸ் கோணி அடுக்குக்குப் பின்னால் நொந்துபோய் உட்கார்ந்து ஊசியை எடுத்தார். இரண்டு நாளாக ஒரு விஷயத்தை அவர் கவனித்து வந்தார். இலையைப் பரப்பியதும் பின்ன ஆரம்பித்தால், வாசனை சரியாக வரும்போது இருபத்திரண்டு வரிசை முடிந்திருக்கிறது. நாலு தடவை பார்த்துவிட்டார். நாலு தடவையும் இருபத்திரண்டு. அந்த யோசனையில் உல்லன் உருண்டை மடியிலிருந்து உருண்டு போனதை அவர் பார்க்கவில்லை. அது இலை வண்டிச் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. வேலன் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு மூன்று ரோலரையும் சுற்றி வாசல் வரை போனான்.

மானேஜர் வாசலில் கால் வைத்தபோது அங்கே ஒரு சிவப்பு நூல் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார். முதல் ரோலர், இரண்டாவது, மூன்றாவது, கோணி அடுக்கு. நூலின் மறுமுனையில் டீ மேக்கர் உட்கார்ந்திருந்தார்.

"ஜஸ்டஸ்! சாகக் கிடக்கிறீங்கன்னு சொன்னாங்க. என்ன பண்றீங்க?"

ஜஸ்டஸ் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். நாப்பத்தாறு. நாப்பத்தேழு. நாப்பத்தெட்டு. பிறகு எழுந்து நின்றார்.

"இருபத்திரண்டு வரிசை ஆச்சு சார். இலையை எடுக்கணும்."

எடுத்தார்கள். அந்த இலை டிரையரிலிருந்து தூளாக வந்ததும் மானேஜர் டீ போடச் சொல்லி உறிஞ்சிப் பார்த்தார். மறுபடி உறிஞ்சினார். ஜஸ்டஸ் அதற்கு மேல் பொறுக்கவில்லை. பிரஷர், ஊசி, உல்லன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"ரெண்டு வாரம் பார்க்கிறேன்" என்றார் மானேஜர். "இன்னும் ஒரு தட்டு கெட்டாலும் ஊசியோட ஆபீஸுக்கு வந்திருங்க."

கெடவில்லை. ஒளித்துப் பின்னுகிற தொல்லை தீர்ந்ததால் ஜஸ்டஸ் நடு ஃபேக்டரியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வேலன் போகும்போதும் வரும்போதும் வரிசையை எண்ணிப் பார்த்து, சொல்லாமலேயே இலையை எடுத்தான். மழை இறங்கிக் குளிர்ந்த நாட்களில் இலை புளிக்க நேரமாகும். அன்றைக்கெல்லாம் மூக்கு சொல்கிறவரை நாலைந்து வரிசை கூடப் போட்டார்.

வாய் மூடியதில் காதும் திறந்தது. இரண்டாவது ரோலருக்குள் ஏதோ 'டிக் டிக்' என்கிறதே என்று பிரித்துப் பார்த்தால், உடையப் போகும் பேரிங். வேலன் வேலை செய்யும்போது பாடுவான் என்பதும், நன்றாகவே பாடுவான் என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பத்தொன்பது வருஷம் இவர்களோடு இருந்தும் தன் குரலை மட்டுமே கேட்டிருக்கிறோமே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. ராத்திரி படுத்ததும் தூக்கம் வந்தது. ஜூடித்தின் சமையலில் உப்பு சரியாக இருந்தது. ஒருவேளை எப்போதுமே சரியாகத்தான் இருந்ததோ என்னவோ.

இரண்டாவது வாரக் கடைசியில் குன்னூர் ஏலத்திலிருந்து புரோக்கர் கடிதம் எழுதியிருந்தார். உங்கள் டீ இவ்வளவு சீராக வந்து பார்த்ததே இல்லை, புது மெஷின் போட்டீர்களா என்று கேட்டிருந்தார். மானேஜர் அதைக் கொண்டு வந்து ஜஸ்டஸ் கையில் கொடுத்து, ஸ்வெட்டரை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஸ்வெட்டரும் அன்றுதான் முடிந்தது. இடது கை மட்டும் நாலு விரல் கூடுதல் நீளம். மழை வாரத்தில் பின்னியது.

அதை யாருக்குக் கொடுப்பது என்பதில் ஜஸ்டஸுக்குச் சந்தேகமே இல்லை. நேரே டிஸ்பென்சரிக்குப் போனார். செலஸ்டின் ஊசிமருந்து அடுக்கிக்கொண்டிருந்தார். டிஸ்பென்சரி ஆயா ஆயம்மாள் மூலையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"செலஸ்டின், போட்டுக்குங்க" என்று ஸ்வெட்டரை நீட்டினார். "நீங்க அன்னைக்குச் சொல்லலைன்னா நான் கத்தியே செத்திருப்பேன். என் உத்தியோகம், உடம்பு, வீட்டு நிம்மதி எல்லாம் நீங்க குடுத்தது. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

செலஸ்டின் ஸ்வெட்டரை வாங்கினார். ஜஸ்டஸ் முகத்தைப் பார்க்காமல் அதன் நீண்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் பெரிய வார்த்தை சார்..."

"இப்ப எவ்வளவு இறங்கியிருக்குன்னு ஒரு தடவை பாருங்களேன்."

"பார்க்கவே வேண்டாம் சார். உங்க முகத்துலயே தெரியுதே" என்று சொல்லிக்கொண்டே கம்பவுண்டர் அவசரமாகத் தலையை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டார். விட்ட தலை வெகு நேரம் வெளியே வரவில்லை.

ஆயம்மாள் பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க சார், நன்றிக்குன்னா இன்னும் இருபத்தொம்பது ஸ்வெட்டர் பின்னணுமுங்களே? உங்களுக்குப் பிரஷர்னு ஒரு பொய் சொல்லிடுங்கன்னு கம்பவுண்டர்கிட்ட கெஞ்ச, வேலனும் கருப்பம்மாளும் ஃபேக்டரியில இருந்து கூட்டிட்டு வந்தது மொத்தம் அத்தனை பேருங்க."