அஞ்சு மணி அப்பா

அஞ்சு மணி அப்பா என்றொரு இனம் இருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இருட்டில் தொண்டையைச் செருமுகிற சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அலாரம் இல்லாமல் எழுந்து, கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து, “மணி அஞ்சு” என்று வீட்டுக்கே அறிவித்து, விளக்கைப் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, பாத்திரங்களை வேண்டுமென்றே உருட்டிவிட்டு, “நான் யாரையாவது எழுப்பினேனா?” என்று கேட்பார். ராத்திரி எட்டரைக்கே தூங்கிவிடுவார். அதைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது.

நம்ம ஆள் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். அவருக்கு வாய்த்த மகளோ பதினைந்து வயது ஆந்தை. சாயங்காலம் ஏழு மணிக்குக் கூடைப்பந்துப் பயிற்சிக்குப் போனால்தான் அவள் உடம்பில் கரண்டே வரும். காலையில் அவளை எழுப்புவது நனைந்த மூட்டையைத் தூக்குகிற வேலை. கொஞ்சம் பூசின உடம்பு வேறு. அப்பாவுக்கு இது போதாதா? லேட்டாக எழுந்தால் சதை போடும் என்று கண்டுபிடித்தார். எடை மெஷின் வாங்கினார். தினமும் அஞ்சரைக்கு அவளை அரைத் தூக்கத்தில் அதன்மேல் ஏற்றி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி எண்ணை வாசித்தார்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு கிலோ குறையலன்னா பந்தை நிறுத்திடு. அதனாலதான் லேட்டாத் தூங்குற. லேட்டாத் தூங்குறதாலதான் குண்டாகுற.”

உடம்பு இளைக்க விளையாட்டை நிறுத்தச் சொல்கிறவரை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அவள் காலைச் சாப்பாட்டைத் தட்டோடு தள்ளிவைக்க ஆரம்பித்தாள். அப்பா அதைக் கட்டுப்பாடு என்றார். அம்மா மட்டும் தட்டைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்திப் பார்த்தாள். மூன்றாம் நாள் மைதானத்தில் மகளுக்குக் கண் இருட்டியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை படுக்கப்போகுமுன், கூடத்துக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தாள்.

ஞாயிறு. அப்பா எப்போதும்போல எழுந்தார். கடிகாரம் ஆறு என்றது. மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இமை கனத்தது, இடுப்பு பிடித்தது, சட்டைகூட இறுகுகிற மாதிரி இருந்தது. தள்ளாடிப் போய் மகளை எழுப்பி, அவள் கண்முன்னே மெஷினில் ஏறினார்.

“பார்த்தியா? ஒரு மணி நேரம் அசந்தேன். முந்நூறு கிராம் ஏறிடுச்சு.”

“மணி அஞ்சுதான்ப்பா. கடிகார முள்ளைத் தள்ளினது நான்.”

அப்பா குனிந்து மெஷினின் எண்ணை மறுபடி பார்த்தார்.

“அப்போ இந்த முந்நூறு கிராம்?”

“நேத்து மூணாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, அது,” என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

இந்த இனம் தோற்காது. “மெஷின் கோளாறு,” என்று தீர்ப்புச் சொல்லி, தன் கையாலேயே அதைப் பரண்மேல் ஏற்றினார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே மகளிடம் சொன்னார்:

“போய்ப் படு. எட்டு மணிக்கு எழுந்திரு, சேர்ந்து சாப்பிடலாம். சாயங்காலம் பயிற்சிக்கு நானும் வர்றேன்.”

வந்தார். அவள் முதல் பந்தைப் போடுமுன்னே பெஞ்சில் குறட்டை விட்டார். அவள் தன் துண்டை எடுத்துவந்து அவர்மேல் போர்த்தினாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் இன்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. ஆனால் பதில் உங்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, இல்லையா?