கணக்கும் பார்க்கணும், லாரியும் ஓட்டணும்

லெஸ்கோவாட்ஸ்,
குடைமிளகாய் சுடும் வாரம்.

லின்ஸ் நகரத்தில் நல்ல வேலையோடும் அதைவிட நல்ல யோசனைகளோடும் வாழ்ந்துவரும் என் மனைவியின் தம்பி, அருமை மச்சான் க்வோஸ்தெனுக்கு, அத்தான் புதிமிர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா ஸ்லாவ்காவும் நலம். கடை நலம். என் முதுகு பழையபடி. அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள், தவணையில் வாங்கிய கார் எல்லோரும் சுகமாயிருக்க ஆண்டவன் அருளட்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று அறிவுரை சொல்லிவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது. ஆகவே இதை, சுட்ட குடைமிளகாயை அரைத்துச் செய்த அய்வார் பாட்டில்களுக்கு நடுவே செருகி, பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு ஒரு பாட்டில் கொடுத்தாகிவிட்டது. உன்னிடமும் கேட்டால் ஏமாறாதே.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகன், உன் மருமகன் ரெல்யா ஸ்வீடனுக்கு வேலைக்குப் போனதிலிருந்து போனில் என்னோடு பேசுவது மூன்றே பேச்சு: "நல்லாருக்கேன்", "சாப்பிட்டேன்", "சரிப்பா". நானும் என்னென்னவோ கேட்டுப் பார்த்தேன், அந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறானே தவிர நான்காவது வரவில்லை. மருந்துக்கடைக்காரர் மகள்தான் ரகசியத்தை உடைத்தாள். தினமும் சாயங்காலம் பையன் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிறானாம், ஊர் ஊராய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு நண்பர்களோடு வரிசையாகப் போகிறானாம், போகிற வழியெல்லாம் வாய் ஓயாமல் பேச்சாம்! எனக்கு எப்படியிருந்திருக்கும் சொல். டைல்ஸ் கடை போடுவதற்கு முன்னால் உண்மையான லாரியை ஓட்டிப் பிழைத்தவன் நான். உடனே போன் போட்டு, "நானும் வரட்டுமாடா?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "வாங்கப்பா. ஆனா உங்க கடைக் கம்ப்யூட்டர்ல அது ஓடாது, பாதியிலயே மூச்சு நின்னுடும்." அவன் வாயிலிருந்து இவ்வளவு நீளமாய் ஒரு பேச்சு வந்து எவ்வளவு நாளாயிற்று! அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், எப்பாடு பட்டாவது லாரி ஓட்டத் தகுந்த ஒரு லேப்டாப் வாங்கியே தீருவது என்று.

ஆனால் நான் வியாபாரி. விளையாட்டுக்கு மட்டும் ஒரு சாமானை வாங்கினால் எனக்குத் தூக்கம் வராது. பகலில் பில் போட வேண்டும், குளியலறையில் எந்த டைல்ஸ் எங்கே வரும் என்று வாடிக்கையாளருக்குப் படம் காட்ட வேண்டும், சாயங்காலம் லாரி ஓட வேண்டும், விலை எண்பதாயிரம் தினாரைத் தாண்டக் கூடாது. நீயும் மூன்று லேப்டாப் பெயர் அனுப்பினாய், நன்றி. அவற்றில் மிக மலிவானதன் விலைக்கு நான் ஒரு குளியலறையைத் தொட்டியோடு கட்டித் தருவேன்.

அதனால் முதலில் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பழைய சாமான் விற்கிற ராடோயே ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்து என் மடியில் வைத்தான். "அண்ணே, நேரா ஸ்விட்சர்லாந்துலேர்ந்து வந்தது. ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வச்சிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் திறப்பாங்க, அதுவும் மெயில் பாக்க." "போன வருசம் நீ வித்த காரும் அந்த டீச்சரம்மாவோடதுதானே?" என்றேன். "அவங்க கொஞ்சம் வசதியானவங்கண்ணே" என்றான், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். பொய் என்று தெரியும். ஆனால் விலை இருக்கிறதே, அதைக் கேட்டால் எந்த வியாபாரிக்கும் கை அரிக்கும், வாங்கிவிட்டேன். பகலில் பில் எல்லாம் அழகாகப் போட்டது. சாயங்காலம் ரெல்யா முன்னால் போக, நான் பின்னால் போக, போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். நோவி சாட் ஊர் வருவதற்குள் அதன் அடிவயிறு கொதிக்க ஆரம்பித்தது. உன் அக்கா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் எதுக்கு விறகு வாங்கறேன்? மிளகாயை இது மேலயே சுட்டுக்கலாமே" என்றாள். ஹங்கேரி எல்லைக்குப் பக்கத்தில் திரை கறுத்துப் போனது. "அப்பா? எங்க போனீங்க? லாரியை நடு ரோட்டுல விட்டுட்டீங்க, பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க" என்றான் பையன். லேப்டாப் செத்துவிட்டது என்றேன். "சரிப்பா" என்றான். மறுபடி அந்தச் "சரிப்பா" வந்துவிட்டது மச்சான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சூடு ஆறியதும் மறுபடி உயிர் வந்த அந்த லேப்டாப்பைக் கடைக்கு வந்த ஒரு கணக்காளரிடம் உண்மையைச் சொல்லியே தள்ளிவிட்டேன்: கணக்குக்கு ஆகும், லாரிக்கு ஆகாது. பிறகு புதுச் சாமான் கடைக்குப் போனேன். அங்கே கோசாரா என்று ஒரு பெண், முதலில் எடுத்துக் காட்டியது கீபோர்டில் வானவில்லாய் விளக்கு எரிகிற ஒன்று. நான் கழிப்பறைக் கோப்பை விற்கிறவன். வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், மூடியைத் தடவுவார்கள், தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் அதைத்தான் கேட்டேன். "விளக்கு கிடக்கட்டும்மா. சூடு எந்த வழியாப் போகுது?" அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விளக்கில்லாத, கறுப்பான, தடியான ஒன்றை உள்ளேயிருந்து கொண்டுவந்தாள். இரண்டு விசிறி, பின்பக்கம் அகலமான துவாரம், படத்துக்கென்று தனியாக ஒரு கார்டு, நினைவகம் போதாவிட்டால் பிறகு போட்டுக்கொள்ள உள்ளே காலி இடம், பில் போட வசதியாக வலது ஓரத்தில் எண் பட்டன்கள். பேட்டரி சீக்கிரம் தீரும் என்றாள். என் கடை மேஜையில் பிளக் இருக்கிறது, எனக்கென்ன. சார்ஜர்தான் செங்கல் கனம். விளையாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லி, அது ஓடுகிற நேரமெல்லாம் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். கை தாங்கியது.

விலையைக் குறை என்றேன். "மாமா, இது சந்தை இல்ல. விலை எழுதி ஒட்டியிருக்கு."

"யாரும்மா எழுதினது, கல்லுல கட்டளை கொண்டுவந்த மோசேயா?"

"எங்க மேனேஜர்."

"மோசேயே மலையிலேர்ந்து ரெண்டு தடவை இறங்கி வந்தாரு. உங்க மேனேஜரை ஒரு தடவை மாடியிலேர்ந்து இறங்கி வரச் சொல்லு."

வந்தார். விலை இறங்கவில்லை. ஒரு பையும் ஒரு மவுஸும், மேனேஜர் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஆர்டரும் வாங்கிக்கொண்டு எழுபத்தொன்பதாயிரத்துக்கு முடித்தேன்.

இத்தோடு நின்றிருந்தால் நான் உனக்குக் கடிதமே எழுதியிருக்கமாட்டேன். புதுச் சாமான் வாங்கினால் ஊருக்கு ஊற்ற வேண்டும், உனக்குத் தெரியாததல்ல. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தார்கள், குடித்தார்கள், "நல்லா ஓடட்டும்" என்றார்கள், போனார்கள். கடைசியாக வந்தார் என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற கூம் திகோமிர். கூம் சொன்னால் கடவுளே சொன்ன மாதிரி, எதிர்த்துப் பேச முடியாது. "நனைச்சியா இதை?" என்றார். நாங்கள்தான் நனைந்தோம் என்றேன். "உன் முதல் லாரிச் சக்கரத்துல நான் ஊத்தினேனே, ஒரு தடவையாவது கவுந்துதா? நனைக்காத சாமான் நிக்காது கூமே" என்று கோப்பையில் விரலை முக்கி, கீபோர்டின் மேல் பாதிரியார் மாதிரித் தெளித்தார். இனிப்பில்லாத ராக்கியாச் சாராயமாயிருந்தால் காற்றோடு போயிருக்கும். டாக்டர் அவருக்கு ராக்கியாவை நிறுத்திவிட்டார், ஆகையால் அவர் கோப்பையில் இருந்தது உன் அக்கா காய்ச்சிய செர்ரி மது. அதன் இனிப்பு எப்படி ஒட்டும் என்று நீயே அறிவாய்.

மறுநாள் சாயங்காலம் கிளம்பினோம். லேப்டாப் சூடாகவில்லை, திணறவில்லை, நோவி சாட்டை வெண்ணெயாய்க் கடந்தேன். எல்லைச் சாவடி தெரிந்தது. வேகம் கூட்டுகிற பட்டனிலிருந்து விரலை எடுத்தேன், பட்டன் எழுந்து வரவில்லை.

"அப்பா, பிரேக்! பிரேக்!"

"போடுறேன்டா, கேக்க மாட்டேங்குது!"

"ஏன், என்ன ஆச்சு?"

"திகோமிர் மாமா ஆசீர்வாதம் பண்ணிட்டாருடா!"

அவன் லாரியை இடித்து, தடுப்புக் கம்பத்தை ஒடித்து, சாவடியைச் சுற்றிக்கொண்டு ஹங்கேரிக்குள் பாய்ந்தேன். போனில் ஏதோ உடைகிற மாதிரி சத்தம் கேட்டது. பையன் சிரிக்கிறான்! அவனுக்கு மூச்சு வாங்குகிறது, திரும்பத் திரும்ப "ஆசீர்வாதமா!" என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறான். அப்புறம் பேச ஆரம்பித்தான். கிடங்கில் பெட்டி தூக்கி முழங்கால் வலிக்கிறதாம். அங்கே ரொட்டியில்கூட இனிப்புப் போடுகிறார்களாம். முதல் குளிர்காலத்தில் ஊருக்குத் திரும்ப டிக்கெட் வரை பார்த்தானாம், நான் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லையாம். இரண்டு லாரியும் வயல்நடுவே கவிழ்ந்து கிடந்தன. நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

பட்டனை உன் அக்கா கொண்டையூசியால் நெம்பி எடுத்து, பஞ்சால் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டாள். இப்போது நன்றாக இருக்கிறது. ஆகவே இந்த லேப்டாப் விவகாரம் இத்துடன் முடிந்தது. பகலில் கடைக்கு, சாயங்காலம் பையனுக்கு, ஒரே சாமான், இரண்டு வேலை. இனிப் பத்து வருஷத்துக்கு இன்னொன்று என்ற பேச்சு என் வீட்டில் எழாது. நீயும் இதுபற்றி யோசனை அனுப்ப வேண்டாம் என்று அன்போடும் உறுதியோடும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் வீட்டில் ரொட்டியும் பேச்சும் குறையாதிருக்கட்டும். குழந்தைகளின் நெற்றியில் எனக்காக முத்தமிடு.

என்றும் அன்புள்ள அத்தான்,
புதிமிர்

பின்குறிப்பு: பாட்டில்களைக் கட்டி நாலு நாள் கழித்து மறுபடி அவிழ்த்து இதை எழுதுகிறேன். கட்டிய அன்றே, கடையில் சரக்கு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் நாற்காலியில் உன் அக்கா! "எழுந்திரு, அது என் லாரி" என்றேன். "சும்மா இரு மனுசா, பாலத்து மேல போயிட்டிருக்கேன்" என்றாள். போனில் பையன் குரல்: "அப்பா, அம்மா சூப்பரா ஓட்டறாங்க. இதுவரைக்கும் ஒருத்தரையும் இடிக்கல." இரண்டு பேரும் வழிநெடுக என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், நான் காப்பி கொண்டுவந்து வைக்கிறேன். பட்டனை நெம்பியபோது ஓட்டிப் பார்த்தாளாம், பிடித்துவிட்டதாம். கடைக்கு எடுத்துப்போனால் தூசி படும் என்று பகலிலும் தருவதில்லை, பில்லைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை கோசாராவிடம் போய் இதே மாதிரி இன்னொன்று வாங்குவதாக முடிவு. மூன்று லாரியும் வரிசையாகப் போவோம். முன்னால் யார் என்பதுதான் இன்னும் பேசி முடியவில்லை.